பற்று

ஆறு வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது வரித்துறை.
ஏழாவது பிறந்து மூன்று வாரம்.
காகிதம் அரைக்கும் இயந்திரத்தை மேசையில் ஏற்றிவிட்டு
கிளெனிஸ் ப்ரோதெரோவின் பெட்டிகளைத் திறக்கிறேன்.
பதினேழு பெட்டி. பஸ் டிக்கெட்டைக்கூட எறியத் தெரியாதவள்.

நான் அவள் கணக்குப்பிள்ளை,
செவ்வாய்தோறும்,
கார்டிஃபில் மீன் வறுக்கும் கடைக்கு மேல்மாடியில்.
பேரேடுகளில் இன்றும் வினிகர் வாசம்.

எண்பத்து மூன்று.
வீட்டை அடமானம் வைத்த பத்திரத்தின் நகல்.
புதிய சானல் ஒன்றுக்கு வெளியாட்களின் படங்கள் வேண்டுமாம்.
பெரிய நிறுவனத்தின் ஓய்வூதியத்தை உதறிவிட்டு வந்தவளிடம்
ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு கெட்டில்,
‘கம்பெனி’ என்கிற சொல்.
கணவன் ஹியூ ஒன்றுதான் கேட்டான்:
“கூரையையும் சேர்த்தா வைத்தாய்?”

அடுத்து ரயில் டிக்கெட், மூன்று.
கார்டிஃப், பாடிங்டன், போக வர.
ஒரு விடுதி ரசீது.
எல்லாம் பதினொரு நொடிக்காக.

எஃகு ஆலை வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஐவர் மெரடித்திடம்
“காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?”
என்று கேட்டிருக்கிறாள்.
அவர் பேசவில்லை.
சட்டைக் கைப் பொத்தானைப் போட்டார்,
கழற்றினார்,
போட்டார்.
மூன்று நொடி போதும் என்றார் சானல்காரர்.
அவள் லண்டனுக்குப் போனாள். மறுபடி போனாள்.
மூன்றாம் முறை அங்கேயே தங்கிவிட்டாள்.
மொத்தம் நூற்று எழுபத்தாறு பவுண்டு.
நொடிக்குப் பதினாறு என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்,
கண்டிக்கிற தோரணையில்.
பதினொன்றும் ஒளிபரப்பானது.

நாற்காலிகளில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.
ஒருவரைப் பழகி முடிப்பதற்குள் அவருக்கு விடைபெறும் விருந்து;
வந்தவருக்கு முதலிலிருந்து ஒரு மதியச் சாப்பாடு.
அவருக்கு நண்டு, இவளுக்கு சூப்.
“அருமை” என்றால் அந்த ஊரில் “இல்லை” என்று பொருள்.
அது அவளுக்குப் புரிய நான்கு வருடம்.
வரவுப் பத்தியில் “அருமை”களை எழுதி எழுதி அழித்த எனக்கு
ஆறு.

தொண்ணூற்றேழு.
அடுத்தவர் சமையலறையை இரண்டே நாளில் மாற்றிக்காட்டும் நிகழ்ச்சி,
இருபத்தாறு பகுதி.
வரவு முதல்முறையாகச் சதை போட்டது.
ஒன்பது பேருக்குச் சம்பளம், தேதி தவறாமல்.
ஹியூவின் கூரை மீண்டு வந்தது.
அந்த வருடம் அவள் என்னிடம் எதற்கும் சண்டை போடவில்லை;
அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு ஒரு லண்டன் குழுமம் வாங்கியது.
குழுமத்தை இன்னொரு குழுமம் வாங்கியது.
கடைசித் தொடரின் முடிவில்
பெயர்ப் பட்டியலைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி
மூலையில் தள்ளிவிட்டு
அடுத்த நிகழ்ச்சியை யாரோ குதூகலமாக அறிவித்தார்கள்.
ஹியூ டிவி முன் மண்டியிட்டு, கண்ணாடியை மாற்றிப் போட்டு,
“உன் பெயர்தானா அது?” என்று கேட்டானாம்.
“தூசி,” என்றாளாம், “துடைத்துவிடு.”

பதினேழாம் பெட்டியின் அடியில்
கம்பெனி மூடிய பிறகான தேதியில் ஒரு பில்.
அந்தப் பழைய நாடாவை ஓட்டுகிற இயந்திரம்
பிரிஸ்டலில் ஒருவரிடம்தான் இருந்ததாம்.
பெயர்த்தெடுக்க நாற்பத்து மூன்று பவுண்டு. சொந்தப் பணம்.
பெறுநர்: கெரிஸ் மெரடித், போர்ட் டால்பட்.
பின்பக்கம் கிளெனிஸின் கோழிக்கிறுக்கல்:
“அப்பாவின் கையை மகள் பார்க்க வேண்டுமாம்.
எந்தத் தலைப்பில் வருமோ, போட்டுக்கொள்.”

இல்லாத கம்பெனிக்குத் தலைப்பு ஏது.
பழைய பேரேட்டைப் பிரித்து
இடப்பக்கம் எழுதினேன், பற்று என்று.
இத்தனை வருடமாகக் கழிப்பதற்கென்றே எழுதிய சொல்.
இம்முறை கழிக்க வரவில்லை.

தொலைபேசி அடித்தது.
“அரைத்து முடித்தாயா?”
“பாதி,” என்றேன்.
இயந்திரத்தின் ஒயர்
ரப்பர் வளையம்கூடப் பிரியாமல் கிடந்தது.